கசியாத தொட்டி

சிரம்பானில் திங்கட்கிழமை காலையில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது பெரும்பாடு. இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுக் கடைசியில் உங்கள் நிலையத்துக்கு எதிரே இருக்கும் சைக்கிள் கடை வாசலில் வேனை விட்டுவிட்டு வந்தேன். கடைக்காரச் சீனர் பழக்கமானவர், ஒன்றும் சொல்லமாட்டார். தேநீர் வரவழைத்ததற்கு நன்றி, இன்ஸ்பெக்டர். நான் தமிழில் சொல்கிறேன், நீங்கள் மலாயில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு படித்துக் காட்டினால் கையெழுத்துப் போடுகிறேன். எனக்கு அவசரம் ஒன்றுமில்லை. பட்டறையைப் பூட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

என் பெயர் ஆதப்பன். லுக்குட்டில் தொட்டிப் பட்டறை வைத்திருக்கிறேன். தோட்டங்களில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குப் பின்னால் உயரமான கால்களில் நிற்கும் தண்ணீர்த் தொட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். இந்தப் பக்கத்தில் அவற்றில் பாதி என் பட்டறையில் செய்தவை. என் அப்பா கண்ணப்பச் செட்டியார் சிரம்பானில் வட்டிக்கடை வைத்திருந்தவர். நான் கடையில் உட்காரவில்லை என்பது அவருக்குத் தீராத வருத்தம். "செட்டி வீட்டுப் பிள்ளை தகரம் தட்டுறானாம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். நான் பதில் சொன்னதில்லை. தண்ணீர் ஊற்றினால் கசியாமல் நிற்கிறதா என்பதுதான் என் பதில்.

சின்னத்துரையும் நானும் சிரம்பான் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அவன் யாழ்ப்பாணத்துக் குடும்பம்; அப்பா ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணி. படித்துக்கொண்டே போனான். லண்டனில் பௌதிகத்தில் டாக்டர் பட்டம் வாங்கி வந்து பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானான். நான் தகரத்தோடு நின்றேன். ஆனால் தீபாவளிக்கு அவன் என் வீட்டுக்கு வராத வருடம் கிடையாது. உலகத்தில் என்னை ஆதி என்று கூப்பிட்டவன் அவன் ஒருவன்தான். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், எங்களுக்குள் முன்பகை எதுவும் இல்லை என்பதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

எண்பத்தைந்தாம் வருடம் அவன் பட்டறைக்கு வந்தான். வெட்டிப்போட்டிருந்த இரும்புத் தகட்டின் மேல் உட்கார்ந்துகொண்டு, "ஆதி, மலைக்குள்ள ஒரு தொட்டி கட்டித் தருவியா?" என்று கேட்டான்.

செண்டாயான் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தின் கடைசி எல்லையில் ஒரு மலை இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் அதற்குள் ஈயம் தேடிக் குடைந்து, கிடைக்காமல் விட்டுப் போயிருக்கிறார்கள். உள்ளே நடந்து போனால் குகை முடிகிற இடத்தில் கோயில் மண்டபம் மாதிரி ஓர் அகலமான இடம் வரும். அங்கேதான் தொட்டி வேண்டும் என்றான். வானத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு மழை ஓயாமல் பெய்துகொண்டிருக்கிறதாம். நம் உடம்பு வழியாகவும் இந்த மேசை வழியாகவும் இப்போதும் பெய்துகொண்டிருக்கிறது. அவன் கேட்க விரும்பியது அணுவுக்குள் எப்போதோ ஒரு தரம் நடக்கிற ஒரு காரியத்தை. அந்த மழைச் சத்தத்தில் அது கேட்காது. மலைக்குள் போனால் மழை நின்றுவிடும். ஆனால் மலையின் பாறையிலிருந்தே வேறொரு கதிர் மெல்லக் கசியும். அதைத் தடுக்கத்தான் தண்ணீர். கருவியைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஓர் ஆள் உயரத்துக்குக் கெட்டியாகத் தண்ணீர் நிற்க வேண்டும், கருவியின் மேல் மட்டும் ஒரு சொட்டுக்கூடப் படக் கூடாது.

ஆகவே பெரிய தொட்டிக்குள் ஒரு சின்னத் தொட்டி. நடுவில் தண்ணீர். சின்னத் தொட்டிக்கு இரட்டைச் சுவர், உள்ளே கருவி. மேலே ஏறிப் போய், ஓர் ஆள் நுழையும் வாய் வழியாக ஏணியில் இறங்க வேண்டும்.

"இது நாம ரெண்டு பேரும் செத்த பிறகும் நிக்கும்லா" என்றான் சின்னத்துரை. "உலகத்துல யாருக்கும் தெரியாத ஒண்ணு தெரிய வந்தா, அது உன் தண்ணிக்குள்ள இருந்துதான் வரணும்."

அந்த வார்த்தையை நான் நம்பினேன். என் வாழ்க்கையில் என் வேலையைப் பற்றி ஒரு படித்த மனிதன் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

கட்டுவதற்கு ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆயிற்று. குகை குறுகல் என்பதால் தகடுகளைச் சிறிது சிறிதாக உள்ளே தூக்கிப்போய் அங்கேயே வைத்து வெல்டிங் செய்ய வேண்டியிருந்தது. புகை வெளியே போக வழியில்லை. என் ஆட்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். ஒருவனுக்கு இருமல், ஒருவனுக்குக் குகை என்றால் பயம். உள் தொட்டியின் மூட்டு முழுவதையும் நானே என் கையால் போட்டேன். பட்டறையில் தோட்டத்து வேலைகள் தேங்கிப் போயின. என் மனைவி ஆவுடையம்மை, "அந்தக் குகையிலேயே ஒரு அடுப்பையும் வெச்சுக்குங்களேன்" என்றாள். அப்பா ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டு கிடந்த வாரம் நான் கடைசி மூட்டைப் போட்டுக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்தினால் அந்த இடம் பலவீனமாகிவிடும். போட்டு முடித்துவிட்டுப் போனேன். அவர் போயிருந்தார். இதை நான் சின்னத்துரையிடம் குறையாகச் சொன்னதே இல்லை.

அந்த வேலையில் கடைசிவரை என்னோடு நின்றவன் மணியம். தோட்டத்து ஆள். குகையைப் பார்த்துக்கொள்ளத் தோட்ட நிர்வாகம் அவனைக் கொடுத்திருந்தது. ஓடையிலிருந்து பம்ப் போட்டுத் தண்ணீர் ஏற்றுவது, வடிகட்டியைக் கழுவுவது, விளக்குகளைப் பார்ப்பது எல்லாம் அவன்தான். லயத்தில் வள்ளியம்மா என்று அவன் மனைவி. இரண்டு பெண் பிள்ளைகள். முதலாளி என்கிற அர்த்தத்தில் என்னைத் தவுக்கே என்றும் சின்னத்துரையை டாக்டரையா என்றும் கூப்பிடுவான். ஒரு வேலையைச் சொன்னால் ஏன் என்று கேட்கமாட்டான்.

தொட்டி நிரம்பிய அன்று நான் அதைச் சுற்றி நடந்து ஒவ்வொரு மூட்டையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். உள்ளங்கை வியர்த்திருக்கும், அதை நம்பக் கூடாது. ஓர் இடத்தில்கூட ஈரமில்லை. மணியமும் என் பின்னாலேயே தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தான். சின்னத்துரை தொட்டியின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றான். அவன் அழுதான் என்று நினைக்கிறேன். குகையில் வெளிச்சம் போதாது.

இப்போது வாயுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் விசாரணையில் கேட்டிருப்பீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். குகைக் காற்றிலும் பாறையின் கதிர் கொஞ்சம் கலந்திருக்கும். ஆகையால் கருவி வேலை செய்யும்போது உள் தொட்டியிலிருந்த காற்றை வெளியேற்றிவிட்டு நைட்ரஜனை நிரப்புவார்கள். இரட்டைச் சுவருக்கு நடுவிலும் அதுதான் இருக்கும். அது விஷமில்லை. நாம் இழுக்கும் மூச்சில் பெரும்பங்கு அதுதான். மணமில்லை, நிறமில்லை. அதில் உயிரைத் தாங்குவது எதுவும் இல்லை, அவ்வளவே. தனியாக அதை மட்டும் மூச்சிழுத்தால் திணறல் தெரியாது, தூக்கம் வருவதுபோல் விழுந்துவிடுவார்கள் என்று சின்னத்துரையே எங்களுக்குச் சொல்லியிருந்தான். அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். யாராவது உள்ளே இறங்குவதாக இருந்தால் மணியம் விடியற்காலையிலேயே வாயுவை மூடி, மின்விசிறி போட்டு, வெளிக்காற்றைக் குழாய் வழியாக உள்ளே ஓடவிடுவான். காற்று நன்றாக ஓடிய பிறகு தொட்டியின் வாயில் தொங்கும் பலகையைத் திருப்புவான். ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் பச்சை. பச்சை இருந்தால் இறங்கலாம்.

தொட்டி நல்ல தொட்டி. ஆனால் கருவியின் கணக்கு இறங்கவில்லை. தண்ணீர் வைத்த பிறகு கதிர் இவ்வளவு குறைய வேண்டும் என்று அவர்கள் எதிர்பார்த்தது குறையவில்லை. சின்னத்துரையைப் பார்க்கும்போதெல்லாம் "இறங்கிச்சா?" என்று கேட்பேன். "இறங்கும், ஆதி" என்பான். பிறகு பிறகு, "பாக்கலாம்" என்றான். அதற்குப் பிறகு நான் கேட்பதற்கு முன்பே வேறு பேச்சை எடுத்தான். சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தனியாக வந்துபோனான். நான் வராத நாளாகப் பார்த்து வருகிறான் என்று தெரிந்தது. ஒருநாள் சொல்லாமல் போனேன். தொட்டியின் அடியில் மண்டியிட்டு, சிமிண்டுத் தளத்தின் ஓரத்தை உளியால் சுரண்டி ஒரு பையில் போட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான்.

"என்ன தேடுற?"

"ஒண்ணுமில்ல. இந்தப் பாறை எப்படிப்பட்டதுன்னு பாக்குறேன்."

சிமிண்டைச் சுரண்டிக்கொண்டு பாறை என்றான். முப்பது வருடத்துக்கு மேல் பழகியவனிடம் பொய் சொல்கிறபோது மனிதனுக்குக் குரல் மெலிந்துவிடும். நான் கவனித்துக்கொண்டேன்.

அதற்கு ஒரு வருடம் கழித்துத் தோட்டத்து ஆபீசுக்கு வேறு வேலையாகப் போயிருந்தேன். லயத்துத் தொட்டி ஒன்றுக்கு மூடி போட வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். அங்கே கிராணி சர்வசாதாரணமாக, "என்ன தவுக்கே, மாசக் கடைசியில குகையைக் காலி பண்றாங்களாமே. டாக்டரு ஜப்பானுக்குப் போறாராம், கருவியும் கூடவே போவுதாம்" என்றார்.

எனக்குத் தெரியும் என்பதுபோல் தலையாட்டினேன். வெளியே வந்து மணியத்தைக் கேட்டேன். அவனுக்கும் தெரிந்திருந்தது. "உங்களுக்கும் தெரியும்னு நெனச்சேன் தவுக்கே" என்றான். குகை வாசலைக் கூட்டுகிற ஆளுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியாது.

மறுநாள் சின்னத்துரையின் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி பேபி டீச்சர் பலகாரம் கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்கள் முகத்தைப் பார்த்து உள்ளே போய்விட்டார். நான் கோபப்படவில்லை. கேட்டேன், அவ்வளவுதான்.

"மலை சரியில்ல ஆதி" என்றான். "பாறையிலேயே கோளாறு. யாரையும் குத்தம் சொல்ல முடியாது."

"தொட்டி?"

"அதை வெட்டி எடுத்தாத்தான் உண்டு. எதுக்கு? அங்கேயே இருக்கட்டும். எஸ்டேட்டுக்குத் தண்ணி சேத்து வெக்க ஆவும்லா."

இதைத்தான் நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ள வேண்டும். என் அப்பாவின் கடைசி வாரத்தைக் கொடுத்து, என் நெஞ்சில் புகையை வாங்கி, என் கையால் கட்டிய தொட்டி அது. உலகத்துக்குத் தெரியாத ஒன்று அதிலிருந்து வரும் என்று சொன்ன அதே வாய், மாடு குளிப்பாட்ட ஆகும் என்கிற தொனியில் பேசியது. அவன் தன் கருவியை எடுத்துக்கொண்டு வேறொருவன் கட்டிய தொட்டிக்குப் போகிறான். வாசல்வரை வந்து வழியனுப்பினான். தோளில் கையை வைத்தான். நான் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை. துரோகம் செய்கிறவர்கள் அதைக் கத்தியோடு வந்து செய்வார்கள் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். பலகாரம் கொடுத்தும் செய்யலாம் என்று அன்றைக்குத் தெரிந்தது.

கருவியைக் கழற்ற அவன் உள்ளே இறங்குவதாக இருந்த நாளில் நான் அவனுக்கு முன்பே குகைக்குப் போய்விட்டேன். மணியம் அப்போதுதான் வந்திருந்தான். மின்விசிறிப் பக்கம் போனான். "நீ போய் ஓடைப் பம்பைக் கழற்று. இங்க நான் பாத்துக்குறேன்" என்றேன். "கிப்பாஸ் போட்டுறுவீங்கல்ல தவுக்கே?" என்று கேட்டான். மின்விசிறியை அவன் அப்படித்தான் சொல்வான். போட்டுவிடுகிறேன் என்றேன். சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டுப் போனான்.

சின்னத்துரை நல்ல வெயிலேறிய பிறகு வந்தான். தனியாகத்தான் வந்தான்; அவனுடைய உதவியாளர்கள் மத்தியானம் லாரியோடு வருவதாக இருந்தது. என்னை அங்கே எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவன் முகம் மலர்ந்தது, உங்களிடம் அதை மறைக்க நான் விரும்பவில்லை. மேலே ஏறிப் பலகையைப் பார்த்தான். பச்சை இருந்தது. குகைக்குள் காற்றடிக்காது, இன்ஸ்பெக்டர். பலகை தானாகத் திரும்பாது. நான்தான் திருப்பி வைத்திருந்தேன்.

பச்சையைப் பார்த்தது போதும் என்று அவன் இறங்கியிருக்கலாம். திரும்பி என்னையும் பார்த்தான். நான் தலையசைத்தேன்.

"நல்லவேளை நீ வந்த ஆதி. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா மனசுல வெச்சிருக்கேன். இதை முடிச்சுட்டு மேல வந்து சொல்றேன்."

இறங்கினான். சொல்ல வேண்டியதை இறங்குவதற்கு முன்பு சொல்லியிருக்கலாம். அதற்கு நான் எந்தத் தடையும் செய்யவில்லை.

நான் படியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு சாவி விழுகிற மாதிரி சின்னச் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. வலி இருந்திருக்காது. இதை நான் மட்டும் சொல்லவில்லை, உங்கள் டாக்டரும் சொல்லியிருக்கிறார்.

சாவு வீட்டுக்குப் போனேன். போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது. எட்டாம் நாள் காரியம் முடிந்த பிறகு பேபி டீச்சர் என்னைத் தனியே கூப்பிட்டார். எதிரே ஒரு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"ஆதப்பன், இதை அவர் உங்களுக்குச் சொல்ல வேணும் எண்டுதான் இருந்தவர். இனி நான்தான் சொல்ல வேணும். பிழை மலையில இல்லை. தொட்டிக்குக் கீழ போட்ட சிமிண்டுல இருந்தது. ஈயக்குட்டை மணல். அதிலயும் அந்தக் கதிர் இருக்குமாம், பாறையை விட மோசமாம். அவர் எடுத்துச் சோதிச்சுப் பார்த்தவர்."

நான் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"எந்த மணல், யார் போட்டது எண்டு யூனிவர்சிட்டியில கேட்டவை. தான்தான் அந்த மணலைப் போடச் சொன்னது எண்டு சொல்லிப்போட்டார். உங்கட பேரை ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அதோட அவரை அந்த வேலையில இருந்து எடுத்துப்போட்டினம். ஜப்பானுக்கு அவர் பெரிய ஆளாய்ப் போகேல்லை ஆதப்பன். இன்னொருத்தருக்குக் கீழ உதவிக்குத்தான் போக இருந்தவர். ஆதிக்குத் தெரிஞ்சால் உடைஞ்சு போவான், நானே பக்குவமாய்ச் சொல்லுறன் எண்டு சொல்லிச் சொல்லியே நாளைக் கடத்திப்போட்டார்."

மணலைப் பற்றி நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். இதற்கும் அதற்கும் தொடர்பில்லை என்பதால் விட்டுவிட்டேன். லிங்கி ஆற்று மணல்தான் போட வேண்டும், தான் சோதித்து வைத்திருக்கும் மணல் அது, வேறு மணல் கூடாது என்று சின்னத்துரை தொடக்கத்திலேயே சொல்லியிருந்தான். உண்மைதான். தளம் போடுகிற சமயத்தில் மழை பிடித்துக்கொண்டது. லாரி வரவில்லை. மலைக்கு அந்தப் பக்கம், முன்பு ஈயம் தோண்டிவிட்டுப் போன பழைய ஈயக்குட்டை ஓரத்தில் வெள்ளை மணல் குன்றுபோல் கிடந்தது. பார்ப்பதற்கு ஆற்று மணலைவிடச் சுத்தமாக இருந்தது. நடுநடுவே கறுப்பாகக் கொஞ்சம் மினுங்கும். மணியம்கூட, "டாக்டரையா வேற மணல்லா சொன்னாரு?" என்றான். மணல் மணல்தானே என்று சொல்லி அள்ளிப் போட்டுவிட்டேன். தளம் இன்றுவரை ஒரு விரல்கூட இறங்கவில்லை. கட்டட வேலையாகப் பார்த்தால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பேபி டீச்சர் துக்கத்தில் பேசினார். புருஷனைப் பறிகொடுத்தவர்கள் அவரைத் தெய்வமாக்கித்தான் பேசுவார்கள். நான் வீட்டுக்கு வந்து அதைப் பற்றி நெடுநேரம் யோசித்தேன், நியாயமாகத்தான் யோசித்தேன். எப்படிப் பார்த்தாலும் என் முடிவு மாறவில்லை. ஒரு வருடம் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு வருடம் என் முகத்தைப் பார்த்து மறைத்திருக்கிறான். கடைசியில், நான் போட்ட மணலைக்கூடத் தான் போட்டது என்று எடுத்துக்கொண்டுவிட்டான். அந்தத் தொட்டியில் எனக்கென்று ஒரு தவறைக்கூட அவன் விட்டுவைக்கவில்லை. இதைத்தான் நட்பு என்று அவர் சொல்கிறார். நீங்களே சொல்லுங்கள்.

சரி. நான் ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். வழக்கை முடித்துவிட்டீர்கள், யாரும் என்னைத் தேடவில்லை, பிறகு ஏன் என்று. சனிக்கிழமை பத்திரிகையில் விசாரணை முடிவு வந்திருந்தது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, வாயு மூடியிருந்தது, பலகை பச்சையில் இருந்தது. ஆகவே உள் தொட்டியின் மூட்டில் வெல்டிங் சரியில்லாமல் இரட்டைச் சுவருக்குள் இருந்த வாயு கசிந்து உள்ளே நிறைந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். 'தரக்குறைவான வேலை' என்று போட்டிருந்தது. லுக்குட்டில் காப்பிக் கடையில் அதை உரக்கப் படித்தார்கள். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

அது தவறு. அந்த மூட்டில் கசிவு கிடையாது. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே உள் தொட்டி நிறைய நைட்ரஜன் இருந்தது. நான் அதை மூடவில்லை. மின்விசிறியையும் போடவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் வாயுவை மூடி மின்விசிறியைப் போட்டேன். கூட்டம் வரும், அவசரத்தில் யாராவது இறங்குவார்கள், அதற்கு மேல் ஒருவரும் சாகக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். அதன் பிறகுதான் வெளியே ஓடிவந்து கத்தினேன். வேண்டுமானால் தண்ணீரை இறக்கிவிட்டு எந்த எஞ்சினியரை வைத்தும் அந்த மூட்டைச் சோதித்துப் பாருங்கள். நானே கூட வருகிறேன்.

மணியத்தைப் பற்றி நீங்கள் இன்னும் கேட்கவில்லை. கேட்கத் தயங்குகிறீர்கள் என்று தெரிகிறது. பரவாயில்லை, சொல்கிறேன்.

அவன் அவ்வளவு சீக்கிரம் திரும்புவான் என்று நான் நினைக்கவில்லை. பம்பின் திருகு ஒன்று துருப்பிடித்திருக்கிறது, பெரிய ஸ்பேனர் வேண்டும் என்று வந்தான். என்னைப் படியில் பார்த்ததும், "டாக்டரையா வந்துட்டாரா?" என்று கேட்டுக்கொண்டே மேலே ஏறினான். வாய் வழியாக எட்டிப் பார்த்தான். உள்ளே ஒரு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

"தவுக்கே, டாக்டரையா கீழ விழுந்து கெடக்குறாரு."

நான் எழுந்து நின்றேன். அவன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டான். பிறகு நின்றான். பயந்து நிற்கவில்லை, வழக்கத்தை அவன் ஒருநாளும் மீறியதில்லை. பலகையைப் பார்த்தான், பச்சை. மின்விசிறிச் சத்தம் கேட்கவில்லை என்பது அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அந்தப் பக்கம் திரும்பினான். பிறகு என்னைப் பார்த்தான்.

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால், ஏன் வேண்டாம் என்று அவனுக்கு விளங்கிவிடும். விளங்கிய பிறகு அவன் என்னைப் பார்க்கிற பார்வை வேறாக இருக்கும். அன்றைக்கு அதைத் தாங்குகிற நிலையில் நான் இல்லை. என் நிலைமையையும் நீங்கள் பார்க்க வேண்டும்.

மணியத்தின் அடக்கம் முடிந்த பிறகு வள்ளியம்மா லயத்து வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா என்ன தவுக்கே சொன்னாரு?" என்று கேட்டது. உன் பேரைத்தான் சொன்னான் என்றேன். அது என் கைமேல் முகத்தை வைத்து அழுதது. அதை வேண்டுமானால் பொய்யென்று எழுதிக்கொள்ளுங்கள், நல்லெண்ணத்தில் சொன்னது. அவன் கடைசியாகக் கேட்டது, "எறங்கலாமா தவுக்கே?" என்று.

இறங்கு என்றேன்.

அவன்மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது, இன்ஸ்பெக்டர். அந்தக் குகையில் என்னை ஏமாற்றாதவன் அவன் ஒருவன்தான்.